சுடத் தெரிந்தால் போதுமா?

(சாயர்புரத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்திலிருந்து அண்ணன் ஒருவர் போன் செய்து பேச அழைத்தபோது, "ஏலே, வாரவன் எல்லாம் வாழ்க்கையில முன்னேறுவது எப்படின்னே பேசிட்டுப் போறான். நீயாவது உன் வேலையைப் பத்திப் பேசு" என்று சொன்னார். அதனால் என் வேலையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கொஞ்சம் வித்தியாசமான வேலை. இங்கே மெக்கானிக்கல் படித்துவிட்டுப் போன நான், இன்று துப்பாக்கி சுடுதளங்களுக்கு வேண்டிய கருவிகளை நிறுவிப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். இலக்குப் பலகையைத் தூக்கி நிறுத்தும் இயந்திரம், குண்டு எங்கே பட்டது என்று திரையில் காட்டும் மின்னணு இலக்கு, இந்த மாதிரி சாமான்கள். நான் போலீஸ்காரன் அல்ல. ஆனால் போலீசார் சுடப் பழகும்போது அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பல நாள் பார்த்திருக்கிறேன்.

இந்த அரங்கத்தில் காக்கி உடுத்திய அண்ணன்மார் இருக்கிறீர்கள். சார்பு ஆய்வாளர் தேர்வுக்கும் காவலர் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளும் இருக்கிறீர்கள். காக்கிக்கு எதிரே கூட்டத்தில் நின்ற குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் இருக்கிறீர்கள். மூன்று பேருக்கும் பொதுவான விஷயம் என்பதால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன். காவலர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி எப்படி நடக்கிறது? அதைச் சொல்லிக்கொடுப்பவர் யார்? அது சரியாக நடந்தால் யாருக்கு லாபம், தவறினால் யாருக்கு நட்டம்?

பயிற்சி என்றால் என்ன?

சினிமாவில் கதாநாயகன் ஓடிக்கொண்டே, ஒரு கையால், திரும்பிப் பார்க்காமல் சுடுகிறான். குண்டு சரியாகப் போய் வில்லன் மேல் படுகிறது. நிஜத்தில் என்ன நடக்கும் என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கைத்துப்பாக்கியின் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் தூரம். குறி பார்க்கும்போது இந்த இரண்டும் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டர் தூரத்தில் குண்டு 16, 17 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். குழல் ஒரு பாகை திரும்பினால் 25 மீட்டரில் 44 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். 100 மீட்டரில் ஒன்றே முக்கால் மீட்டர். அதாவது பக்கத்தில் நிற்கும் ஆள்! முதலாமாண்டுக் கணக்குப் பாடத்தில் "இதெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்டோமே, அந்த டேன் தீட்டாவுக்கு இங்கே உயிர் மதிப்பு இருக்கிறது.

அதனால்தான் நல்ல பயிற்சி மெதுவாகத் தொடங்கும். முதலில் தோட்டாவே கொடுக்க மாட்டார்கள். துப்பாக்கியைப் பிரிக்கவும், துடைக்கவும், சேர்க்கவும் சொல்லிக்கொடுப்பார்கள். பிறகு வெறும் துப்பாக்கியில் விசையை அழுத்தப் பழக்குவார்கள். குழலின் நுனியில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டு, அது விழாமல் விசையை அழுத்தச் சொல்வார்கள். கேட்கச் சுலபமாக இருக்கும். செய்து பார்த்தால் காசு கீழே உருண்டு ஓடும். அதன் பிறகுதான் படுத்த நிலை, முழங்கால் நிலை, நின்ற நிலை. மூச்சைப் பாதி விட்டுப் பிடித்துக்கொண்டு, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி விசையை மெல்ல அழுத்த வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் குறி கெட்டுவிடும்.

இன்னொன்று கவனித்திருக்கிறேன். தளத்தில் சிவப்புக் கொடி ஏறிய நிமிடத்திலிருந்து அங்கே எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை உண்டு. எத்தனை தோட்டா வாங்கினாய், எத்தனை சுட்டாய், எத்தனை காலித் தோட்டா திரும்ப வந்தது என்று கணக்குத் தீர்ந்தால்தான் வீட்டுக்குப் போகலாம். ஒரு காலித் தோட்டா குறைந்தாலும் புல்லுக்குள் எல்லோரும் குனிந்து தேடுவார்கள். வெயில் மண்டையைப் பிளந்தாலும் விடமாட்டார்கள். ஒரு பித்தளைக் குப்பிக்கு இவ்வளவு மரியாதை இருக்கிறதே, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறொரு கணக்கைச் சொல்லும்போது இது தேவைப்படும்.

காகிதம் வேறு, தெரு வேறு

சுடுதளத்தில் இலக்கு அசையாது. திருப்பிச் சுடாது. அழாது. பின்னால் குழந்தை நிற்காது. தெருவில் இவை எல்லாம் உண்டு.

நியூயார்க் நகரக் காவல்துறையின் பதிவுகளை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் எடுத்து ஆராய்ந்தது. 1998 முதல் 2006 வரையிலான கணக்கு. எதிராளியும் சுடுகிற மோதல்களில் காவலர்கள் சுட்ட குண்டுகளில் இலக்கில் பட்டவை சராசரியாக 18 சதவீதம்தான். எதிராளி சுடாத நேரங்களில்கூட 30 சதவீதம்தான். இவர்கள் சுடத் தெரியாதவர்கள் அல்ல. ஒழுங்காகப் பயிற்சியும் தேர்வும் முடித்தவர்கள். பயம் வந்தால் இதயம் படபடக்கிறது, பார்வை குறுகிக் குழாய்க்குள் பார்ப்பதுபோல் ஆகிவிடுகிறது, காது அடைக்கிறது, விரல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அது மனித உடம்பின் இயல்பு. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 100 குண்டில் 18 பட்டது சரி, மீதி 82 எங்கே போயிற்று? காற்றில் கரைந்துவிடாது அல்லவா? எங்கேயோ ஒரு சுவரில், ஒரு கதவில், ஒரு மனிதரில் போய்த்தான் நிற்கும்.

அதே நேரத்தில், பயிற்சியே இல்லாமல் போலீசாரை ஆபத்துக்கு முன்னால் தள்ளுவதும் பாவம். 2008 நவம்பர் 26 அன்று மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் ஏகே-47 வைத்திருந்த கொலைகாரர்களுக்கு எதிரே நின்றவர்களில் சிலரிடம் லத்தி மட்டும்தான் இருந்தது. சிலரிடம் பழைய 303 ரைபிள் இருந்தது. அன்றிரவு கிர்காவ்ம் கடற்கரையில் உதவி சார்பு ஆய்வாளர் துக்காராம் ஓம்ப்ளே துப்பாக்கிக் குழலையே கையால் பிடித்து, குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு, கசாப்பை உயிரோடு பிடிக்க வழி செய்தார். அவருக்கு அசோக சக்கரம் கொடுத்தோம். சரிதான். ஆனால் ஒரு காவலரின் தியாகத்தை நம்பி ஊரைக் காப்பாற்ற முடியாது. அவருக்கு நல்ல கருவியும், நல்ல பயிற்சியும் கொடுப்பது நம் கடமை. ஆகவே நான் பயிற்சிக்கு எதிராகப் பேசவில்லை. பயிற்சி போதவில்லை என்கிறேன். எந்தப் பயிற்சி போதவில்லை என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

துப்பாக்கி வேகமானது, யோசனை வேகமாகவில்லை

பழைய 303 ரைபிளை நம்மில் மூத்தவர்கள் பலர் என்.சி.சி.யில் தொட்டிருப்பீர்கள். ஒரு குண்டு சுட்டதும் போல்ட்டைக் கையால் பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். அதற்கு ஒன்றிரண்டு வினாடி ஆகும். அந்த ஒன்றிரண்டு வினாடியில் புகை விலகும், எதிரே இருப்பவன் ஓடுகிறானா, விழுந்துவிட்டானா என்று கண் பார்க்கும். பிறகு வந்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கியில் அந்த வேலையைத் துப்பாக்கியே செய்துகொள்கிறது. விசையை விட்டு மறுபடி அழுத்தினால் போதும், அடுத்த குண்டு போகும். மேகசினில் 20 தோட்டா. குண்டு வினாடிக்கு 800 மீட்டருக்கும் மேலான வேகத்தில் புறப்படும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழக்கூடியது. போர்க்களத்துக்காக வடிவமைத்த ஆயுதம் அது.

ஒரு பொறியாளனாக எனக்கு இதில் ஒரு விஷயம் தெரிகிறது. பழைய துப்பாக்கியின் குறை என்று நாம் நினைத்த அந்தத் தாமதம், உண்மையில் ஒரு தடுப்பாகவும் வேலை செய்தது. இயந்திரத்திலிருந்து ஒரு தடுப்பை எடுத்தால், அந்த வேலையைச் செய்ய இன்னொன்றை வைக்க வேண்டும். அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு வால்வைத் திறக்க முடியாது. பூட்டுப் போட்டு, சீட்டு தொங்கவிட்டு, இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஸ்பேனரை எடுக்கலாம். துப்பாக்கியில் அப்படி ஒரு பூட்டு இனி மனிதனின் தலைக்குள்தான் இருக்க முடியும். அதைப் பூட்டிக்கொடுப்பவர்தான் பயிற்சியாளர்.

சுடுதளமே ஊருக்கு ஆபத்தானால்?

தெருவுக்குப் போகும் முன் சுடுதளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் மாவட்டத்தில் வல்லநாட்டில் காவல்துறையின் சுடுதளம் இருக்கிறது. தளம் என்றால் வெறும் பொட்டல்காடு என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் ஒரு இயந்திரம் மாதிரிதான். குண்டைத் தடுக்கும் மண்மேடு எவ்வளவு உயரம், கல் கலக்காத மண்தானா, மழையில் கரைந்திருக்கிறதா, பக்கவாட்டில் தெறித்தால் எங்கே போகும், எந்தத் துப்பாக்கிக்கு எவ்வளவு தூரம் ஆபத்து எல்லை என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருக்க வேண்டும்.

2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே நடந்ததை மறக்க முடியாது. அங்கே பசுமலைப்பட்டி சுடுதளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அந்தப் பிள்ளை இறந்துபோனான். தளத்தையே மூடுங்கள் என்று மக்கள் போராடினார்கள்.

அங்கே சுட்டவர் யாரும் அந்தப் பையனைக் குறி பார்க்கவில்லை. பயிற்சிதானே என்று நினைத்திருப்பார்கள். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக்கூடாது என்பது துப்பாக்கிப் பாடத்தின் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடி சுடுபவருக்கு மட்டும் சொன்னதில்லை. தளத்தைக் கட்டிய பொறியாளருக்கும், அனுமதி கொடுத்த அதிகாரிக்கும், ஆய்வுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவருக்கும் சேர்த்துத்தான்.

2018 மே 22

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இதைப் பேசாமல் இந்தத் தலைப்பில் சாயர்புரத்தில் யாரும் பேச முடியாது.

2018 மே 22. தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100-வது நாள். கோரம்பள்ளத்தில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி மக்கள் திரண்டு போனார்கள். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம் 2022 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது.

ஆலை வேண்டுமா வேண்டாமா என்பதில் இந்த அரங்கத்திலேயே இரண்டு கருத்து இருக்கலாம். நான் அதற்குள் போகவில்லை. பயிற்சி சம்பந்தப்பட்டதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முறையான எச்சரிக்கை கொடுக்காமல் சுட்டதாக ஆணையம் சொன்னது. அலுவலக வளாகத்தில் இருக்கும் பூங்காவுக்குள் மறைந்து நின்றுகொண்டு, கலைந்து ஓடியவர்கள் மீதும் சுட்டதாகச் சொன்னது. காவல் நிலையாணைகள் வகுத்திருக்கும் படிகள் கடைப்பிடிக்கப்படவில்லை என்றது. ஒரே காவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சுட்டார் என்றது. இறந்தவர்களில் பலருக்குத் தலையிலும் மார்பிலும் குண்டு பாய்ந்திருந்தது. சிலருக்குப் பின்புறமாக.

நண்பர்களே, இதைப் பயிற்சி என்ற கண்ணோடு பாருங்கள். அன்று சுட்டவர்களுக்குச் சுடத் தெரியவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? நாணயம் விழாமல் விசையை அழுத்தக் கற்றவர்கள்தான் அவர்கள். குறி தவறவில்லை. தவறியது வேறு. யார் உத்தரவு கொடுக்க வேண்டும், யார் மீது சுடலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்ற மூன்று கேள்விகள் விசைக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இந்த மூன்று கேள்விக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைந்துபோகச் சொல்லும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கு, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு, அவர் இல்லாதபோது சார்பு ஆய்வாளர் பதவிக்குக் குறையாத அதிகாரிக்கு உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148-வது பிரிவாக இருக்கிறது. முதலில் கலைந்துபோகச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால்தான் பலம். 1990-ல் ஹவானாவில் நடந்த ஐக்கிய நாடுகள் மாநாடு, காவலர்கள் துப்பாக்கி பயன்படுத்துவது பற்றி அடிப்படைக் கோட்பாடுகளை வகுத்தது. உயிரைக் காப்பாற்ற வேறு வழியே இல்லாதபோதுதான் உயிர் போகும்படி சுடலாம், தெளிவாக எச்சரித்து, அந்த எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிய நேரமும் கொடுக்க வேண்டும், சிறப்புப் பயிற்சி முடித்தவர் மட்டுமே துப்பாக்கி ஏந்த வேண்டும், பேசித் தீர்ப்பதும் கூட்டத்தின் மனநிலையைப் புரிந்துகொள்வதும் பயிற்சியில் இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. 2014-ல் நம் உச்ச நீதிமன்றமும் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், காவல்துறை மோதல் சாவுகளை எப்படி விசாரிக்க வேண்டும் என்று 16 நெறிமுறைகளை வகுத்துக் கொடுத்தது.

சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதைச் சட்ட போதகர் வகுப்பறையில் சொல்லிக்கொடுக்கிறார். துப்பாக்கியைக் கவாத்துப் போதகர் மைதானத்தில் சொல்லிக்கொடுக்கிறார். காலையில் மைதானம், மதியம் வகுப்பறை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சட்ட வகுப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை! இரண்டும் ஒரே ஆளின் தலைக்குள் ஒரே நொடியில் சேர வேண்டும். சேர்த்துவைக்கும் பாடம் எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

கயிறு பிடிப்பவர்

நம் கடற்கரையில் அந்தக் காலத்தில் முத்துக்குளிக்கவும் சங்குகுளிக்கவும் போனவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கடலுக்குள் மூழ்குபவர் பெயர்தான் ஊருக்குத் தெரியும். ஆனால் அவர் உயிர் தோணியில் கயிறு பிடித்துக்கொண்டிருப்பவர் கையில். அதனால் மச்சானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்களாம். தன் தங்கை தாலிக்காக அவன் கண்ணை இமைக்க மாட்டான் என்ற நம்பிக்கை! துப்பாக்கிப் பயிற்சியாளரும் கயிறு பிடிப்பவர்தான். அவர் பிடித்திருக்கும் கயிற்றின் மறுமுனையில் அந்தக் காவலர் மட்டும் இல்லை, நாமும் இருக்கிறோம்.

அப்படிப்பட்டவரை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் மத்திய ஆயுத மற்றும் போர்த்திறப் பள்ளி இருக்கிறது. பல மாநிலப் போலீசாரும் அங்கே போய்ப் பயிற்சியாளர்களாகத் தேறி வருகிறார்கள். திறமைசாலிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நாடு முழுவதும் பயிற்சிப் பள்ளிக்கு மாற்றல் என்றால் "என்ன தப்பு பண்ணினே?" என்று கேட்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. 1971-ல் பேராசிரியர் கோரே தலைமையில் காவலர் பயிற்சியைப் பற்றி ஆராய மத்திய அரசு ஒரு குழுவே அமைத்தது. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தக் கேள்வி முழுசாகப் போகவில்லை. வாத்தியாரை மதிக்காத பள்ளிக்கூடத்தில் பாடம் எப்படி நடக்கும்?

நான் பார்த்த ஒரு பயிற்சியாளரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், வேறு மாவட்டம். பதவியில் தலைமைக் காவலர். ஒரு நாள் உயர் அதிகாரி ஒருவர் சுட வந்தார். சுட்டு முடித்துத் திரும்பும்போது கைத்துப்பாக்கிக் குழல் பக்கவாட்டில் நின்றவர்கள் பக்கம் திரும்பியது, விரலும் விசைமேல் இருந்தது. தலைமைக் காவலர் ஒரே குரலில், "ஐயா, நில்லுங்க. குழல் இலக்குப் பக்கம். விரலை வெளிய எடுங்க" என்றார். தளமே அமைதியாகிவிட்டது. அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் அவர் சொன்னபடியே செய்தார். பிறகு டீ குடிக்கும்போது அந்தத் தலைமைக் காவலரிடம், "பயமா இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "தளத்துல கொடி ஏறிட்டா எனக்கு மேல கடவுள் மட்டும்தான் தம்பி. இங்க நான் வாயை மூடினா, நாளைக்கு ரோட்டுல எவனும் வாயைத் திறக்க மாட்டான்" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. "நிறுத்துங்க" என்று ஒரு கீழ்நிலைக் காவலர் சொல்லவும், அதை மேலதிகாரி கேட்கவும் பழகும் இடம் சுடுதளம்தான். அங்கே பழகாதது கலவரத்தின் நடுவில் திடீரென்று வராது. விரலை விசைமேல் வைக்காமல் பக்கவாட்டில் நீட்டி வைப்பதும் அப்படித்தான். கால் இடறினால், யாராவது தோளில் இடித்தால், ஒரு கை இறுகும்போது மறு கையின் விரலும் தானாக இறுகும். ஆயிரம் தடவை பழகியவன் விரல் மட்டும்தான் வெளியே இருக்கும்.

என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்குவது பொறியாளனுக்கு அழகில்லை. என் அறிவுக்கு எட்டிய நாலு யோசனைகளைச் சொல்கிறேன். பெரிய செலவில்லாதவை.

ஒன்று. ஒவ்வொரு சுடும் பயிற்சியிலும் சுடக்கூடாத இலக்கு ஒன்று இருக்க வேண்டும். கையில் போனை நீட்டுகிறவர், கையைத் தூக்கியவர், முதுகைக் காட்டி ஓடுகிறவர். எங்கள் இயந்திரங்களில் இதைத் திருப்பிக் காட்டுவது ஒரு பெரிய வேலையே இல்லை. சுடாமல் விட்டதற்கும் மதிப்பெண் போட வேண்டும். இப்போது நாம் காகிதத்தில் விழுந்த ஓட்டையை மட்டும் எண்ணுகிறோம். விழாத ஓட்டைக்கும் மார்க் உண்டு என்றால் பயிற்சியின் போக்கே மாறும்.

இரண்டு. குரல் பயிற்சி. "கலைந்து செல்லுங்கள், இல்லையென்றால் பலம் பயன்படுத்தப்படும்" என்று தெளிவான தமிழில், ஒலிபெருக்கியில், பயப்படாமல் சொல்லவும், சொல்லிவிட்டுக் காத்திருக்கவும் பழக்க வேண்டும். விசையை அழுத்தப் பழகும் அளவுக்கு வாயைத் திறக்கவும் பழக வேண்டும்.

மூன்று. பயிற்சியாளருக்கு அதிகாரம் வேண்டும். தேறாதவர் யாராக இருந்தாலும், எந்தப் பதவியாக இருந்தாலும், "இவருக்கு இப்போது துப்பாக்கி கொடுக்காதீர்கள்" என்று அவர் எழுதினால் அது செல்ல வேண்டும். கூட்டத்தைச் சமாளிக்கும் பணிக்கு உத்தரவு போடும் அதிகாரிகளும் அதே பயிற்சியில் உட்கார வேண்டும். விசையில் இருப்பது காவலர் விரல், ஆனால் அதற்கு முன்னால் ஒரு அதிகாரியின் வாய் இருக்கிறது.

நான்கு. கணக்கு. முன்னே ஒரு காலித் தோட்டாவைப் புல்லுக்குள் குனிந்து தேடுவார்கள் என்று சொன்னேன் அல்லவா? பயிற்சியில் ஒரு பித்தளைக் குப்பிக்குக் கணக்குக் கேட்கும் துறை, தெருவில் சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் அதே பிடிவாதத்தோடு கணக்குக் கேட்க வேண்டும். யார் சொன்னார், யார் சுட்டார், எதிரே என்ன ஆபத்து இருந்தது, ஏன் அந்த நேரத்தில் நிறுத்தவில்லை என்று அன்றைக்கே, எழுத்தில் கேட்க வேண்டும். சரியாக நடந்துகொண்ட காவலரைக் காப்பாற்றுவதும் அந்தக் கணக்குதான்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு இதில் வேலை இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் படிப்பவர்கள் ப்ராஜெக்ட் என்றதும் ஏற்கெனவே ஆயிரம் பேர் செய்த லைன் ஃபாலோவர் ரோபோவைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். குண்டு பட்ட இடத்தைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் இலக்கு, சுடலாமா கூடாதா என்று முடிவெடுக்கப் பழக்கும் திரைப்பயிற்சிக் கருவி, சுடுதள மண்மேட்டின் தேய்மானத்தை அளக்கும் முறை என்று எத்தனையோ இருக்கின்றன. சிவில் படிப்பவர்களுக்கு நார்த்தாமலை ஒரு பாடம். காவலர் தேர்வுக்குப் படிப்பவர்களே, நாளை நீங்கள் பேரூரணிப் பயிற்சிப் பள்ளிக்கோ வேறு பள்ளிக்கோ போவீர்கள். அங்கே குறி பார்க்கச் சொல்லிக்கொடுப்பார்கள், நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். அதோடு சட்ட வகுப்பில் தூங்காதீர்கள். "எப்போது சுடக்கூடாது ஐயா?" என்று தைரியமாகக் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதற்காகக் கோபப்படும் பயிற்சியாளர் நல்ல பயிற்சியாளர் இல்லை.

காக்கி உடுத்திய அண்ணன்மாரே, உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் வரவில்லை. இரவும் பகலும் எங்களுக்காக விழித்திருப்பவர்கள் நீங்கள். உங்கள் கையில் இருக்கும் ஆயுதத்துக்கு ஏற்ற பயிற்சியை உங்களுக்கு வாங்கிக்கொடுக்க வேண்டியது எங்கள் பொறுப்பு. மக்களாகிய நாங்கள் கேட்டால்தான் அரசு கொடுக்கும். துப்பாக்கி வாங்கும் செய்தியைப் படித்தால் கைதட்டுகிறோம். பயிற்சிக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், பயிற்சியாளர் எத்தனை பேர், ஆண்டுக்கு எத்தனை நாள் பயிற்சி என்றும் இனிமேல் கேட்போம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, சட்டமன்ற உறுப்பினர் இருக்கிறார், நம்மைப்போல் படித்தவர்களின் சங்கமும் இருக்கிறது. அடுத்த ஒன்றுகூடலுக்குள் நம் சங்கமே இப்படி ஒரு கேள்வித்தாளைத் தயாரித்து உரியவர்களுக்கு அனுப்பலாம் என்று இந்த மேடையிலேயே முன்மொழிகிறேன். வழிமொழிய ஆள் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது என்று ஒருங்கிணைப்பாளர் ஜாடை காட்டுகிறார்.